வேறு விடயங்கள்

ஆவணிக் கூட்டம் நாலரைக்கு என்று போட்டது,
தொடங்கியது ஐந்து பத்துக்கு.
கல்லடி உப்போடை, ஜெயரூபியின் ரியூசன் கொட்டில்.
வெண்பலகையில் காலையில் யாரோ பாதி தீர்த்த
இருபடிச் சமன்பாடு அழியாமல் கிடந்தது.
வரவு பதினொருவர்.
வராததற்கு மன்னிப்புக் கேட்டவர் வில்பிரட்,
கோட்டில் அவருக்குத் தவணை.

செயலாளர் நான்.
கச்சேரிக் களஞ்சியத்தில் கதிரை மேசை எண்ணுகிறவள்.
எண்ணத் தெரியும் என்பதற்காகவே
இந்தக் கொப்பியை என்னிடம் தந்தார்கள்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு.
பாடுகிற மீனைக் கவிதைக்குள் கொண்டுவந்தால்
ஐம்பது ரூபா.
தேனுக்கு இருபது.
வாவியில் விழுந்து உடைகிற பறுவ நிலாவுக்கும் இருபது.
ஒரு நெஸ்டமோல்ட் பேணியில் போடவேண்டும்.
மாசி தொடக்கம் நாங்கள் குடித்த பிளேன்ரீ எல்லாம்
அந்த மீன்கள் வாங்கித் தந்ததுதான்.
போன் திருத்துகிற டிலக்சன்
ஒரே கவிதைக்கு நூற்றுநாற்பது கட்டினான்.
அன்றைக்கு உழுந்து வடையும் இருந்தது.

ஹஸ்மியா ரீச்சர் காத்தான்குடியில் பஸ் ஏறி வந்து
வாசித்தது பதினேழு வரி, தையல் மெஷினைப் பற்றி.
"நூல் அறுந்த இடத்திலயே முடிஞ்சிட்டு.
மறுகா என்னத்துக்கு நாலு வரி?" என்றாள் ஜெயரூபி.
ரீச்சர் நாலையும் அங்கேயே வெட்டினார்.
கொஞ்சம் பொறுத்து
ஒன்றை மட்டும் ஓரத்தில் திரும்ப எழுதினார்,
ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்து.

புதிதாய் வந்தவர் குகதாசன்.
நாவலடிப் பக்கம், இரவில் இறாலுக்குப் போகிறவர்.
எழும்பினார்.
சட்டைப்பையில் இருந்து முதலில் எடுத்தது கவிதையை அல்ல,
ஐம்பது ரூபாத் தாளை.
"முந்தியே கட்டிர்றன்.
எனக்கு அந்த மீன் தேவை."

பிறகு வாசித்தார்:

பாலத்துக்குக் கீழே தோணியை விட்டேன்
சவளைத் தண்ணிக்குள் இறக்கி
பிடியைக் காதில் வைத்தேன்
மேலே லொறி போகிற சத்தம்
பெட்டிக்குள் ஐஸ் இளகுகிற சத்தம்
என் இரத்தம் எனக்குள் ஓடுகிற சத்தம்
மீன் ஒன்றும் பாடவில்லை
நாற்பத்திமூன்று வருசம் இந்த ஆற்றில்
லண்டனில் இருந்து வந்து
இரண்டு கிழமை நின்றவனுக்கும் கேட்டதாம்
எனக்கும் கேட்டதென்றுதான்
மகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
மறுகா சண்டை.

பாடாத மீனுக்குத் தண்டம் உண்டா?
மீனும் இருக்கு, பாட்டும் இருக்கு, உண்டுதான் என்றான் டிலக்சன்.
அந்த நூற்றுநாற்பது அவனுக்கு இன்னும் ஆறவில்லை.
இப்படி ஒன்று வரட்டும் என்றுதானே
சட்டமே போட்டோம் என்றார் ரீச்சர்.
ஜெயரூபி, "அந்தக் கடைசி ரெண்டு வரி தேவையா?"
எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.
"சரி. தேவை."

குகதாசன் காசைத் திருப்பி வாங்க மாட்டாராம்.
"மீனுக்கு இல்லாட்டி,
வீட்ட சொன்ன பொய்க்கு வைங்க."
ஆறு மணிக்கு ரீச்சர் பஸ்ஸுக்கு எழும்ப
கூட்டம் தன்பாட்டில் கலைந்தது.

கொப்பியில் நான் எழுதியது:
வேறு விடயங்கள். மேற்படி ஐம்பது ரூபா தொடர்பில்
தீர்மானம் எட்டப்படவில்லை.
புரட்டாதிக்குப் பிற்போடப்பட்டது.
பேணியில் கையிருப்பு முந்நூற்றுப் பத்து.
பிணக்குக்குரிய தாள் கடித உறையில், தனியாக.

எழுதாதது:
அந்தச் சட்டத்தைப் பிரேரித்தவள் நான்.
முதல் ஐம்பதைக் கட்டியவளும் நான்,
பழைய கவிதை ஒன்றுக்கு,
அதில் மூன்று மீன் பாடும்.
எனக்கும் ஒருநாளும் கேட்டதில்லை.

உறை முழுக்க இறால் வெடில்.
களஞ்சிய அலுமாரியில் வைத்தால் பூனை வரும்.
கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.