ஒற்றுப்பிழை

முப்பத்தொரு வருடம், பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஓர் அச்சகம்.
மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு.
ஒரு புள்ளி விழுந்தால் என்ன ஆகும் என்று
அந்தத் தைப்பூச நோட்டீஸைக் கேளுங்கள்:
கல்வி நிதிக்குத் தாராளமாக வழங்குவீர் என்பதில்
‘ல்’ மொட்டையடித்துக்கொண்டு வந்துவிட்டது.
இரண்டாயிரம் பிரதி.
கோயில் செயலாளர் ஒரு வாரம் என் முகத்தில் விழிக்கவில்லை.

அதனால் டாக்டர் லிம் மலாயும் கையுமாக விளக்கியபோது
அவர் முடிக்குமுன் எனக்குப் புரிந்துவிட்டது.
எழுத்து மாறாது.
மேலே பொடிசாய் ஒன்று வந்து ஒட்டும், மெத்தில் என்று பேர்.
ஒட்டிய இடம் வாயை மூடிக்கொள்ளும்.
புள்ளி, என்றேன்.
என்ன, என்றார்.
ரத்தப் பரிசோதனைச் சீட்டின் முதுகில் எழுதிக் காட்டினேன்:
க. க்.
இதில் உயிர் இருக்கிறது. இதில் மெய் மட்டும்.
அவர் அந்தச் சீட்டைத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

நானும் பவளமணியும் ஒரே கரு,
ஒரே அச்சில் இழுத்த இரண்டு தாள்.
ஒன்பது நிமிடம் மூத்தவள், அதை ஆயுளுக்கும் சொல்லிக்காட்டினாள்.
பாயான் லெப்பாஸில் இருபத்திரண்டு வருடம் இரவு ஷிப்ட்.
நுண்ணோக்கியில் குனிந்து தங்கக் கம்பி ஒட்டினாள்,
தலைமுடியைவிட மெல்லியது என்பாள்.
நான் பசியாறும் நேரத்தில் அவள்
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டித் தூங்கினாள்.
அவளுக்குப் புருஷன், பிறகு அவன் கடன்,
ஐந்தாம் மாதத்தில் கலைந்த ஒன்று.
எனக்கு மை வாசனை.

தொழிற்சாலையை மூடிப் பத்து வருடம்.
இப்போது மாலை ஆறானால்
நீலச் சட்டையைத் தேடுகிறாள்.
வேன் வந்துவிடும் என்கிறாள்.

இதில் எது காரணம், டாக்டர்?
அப்படிக் கேட்கக் கூடாதாம்.
ஆயிரம் பேரை அடுக்கிப் பார்த்தால் ஏதோ ஒரு சாய்வு தெரியும்,
ஒருத்தியைப் பார்த்துச் சொல்ல வராது.
வயதானால் யாருக்கும்
இருக்க வேண்டிய இடத்தில் உதிரும்,
கூடாத இடத்தில் ஏறும்.
சிலருக்குக் கூடுதல்.

பிறகு கணினியைத் திருப்பிக் காட்டினார்.
அடையாள அட்டைப்படி இருவருக்கும் அறுபத்திரண்டு.
புள்ளிகளை எண்ணினால்
பவளமணியின் ரத்தத்துக்கு ஐம்பத்தெட்டு,
என்னுடையதற்கு அறுபத்தாறு.

சிரித்துவிட்டேன். வெளியே நாற்காலியில்
கறிபாப்பை விட்டுவிட்டு அதன் உறையைக் கடித்துக்கொண்டிருப்பவள்
என்னைவிட எட்டு வயது இளையவள்.
இது ரத்தம், என்றார் டாக்டர். மூளை வேறு நோட்டு.
உயிரோடு இருக்கும்வரை அதைப் பிரித்துப் படிக்க வழியில்லை.
சொல்லிவிட்டு இரண்டு பாரங்களை மேசைமேல் தள்ளினார்,
ஆளுக்கு ஒன்று.
அவசரமில்லை, என்றார்.

பாரம். சரியான பேர்தான்.
இன்றுவரை இரண்டிலும் கையெழுத்து விழவில்லை.
மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை,
அதை மட்டும் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

அவள் எழுதிய சாமான் சீட்டும் அதே பையில்தான் கிடக்கிறது.
பால. உபபு. கததரிககாய.
ஒரு புள்ளி இல்லை.
பழக்கத்தில் கை சிவப்புப் பேனாவைத் தேடியது.
அப்புறம் பார்த்தேன்,
வாயை மூடியிருந்த எழுத்துகள் எல்லாம்
ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியிருந்தன.
திருத்தவில்லை. அப்படியே வாங்கி வந்தேன்,
அரைக் கிலோ கததரிககாய.

அன்றைக்குக் குளுகோர் பஸ் நிறுத்தத்தில் மழை.
பவளமணி என் முகத்தையே பார்த்தாள்.
தெரிந்த முகத்தைப் பார்க்கும் பார்வை, ஆனால் என்னை அல்ல.
முடியை ஒதுக்கினாள், தன் முடியை.
என் நெற்றிப் பொட்டைப் பார்த்துக்கொண்டே
தன் நெற்றியைத் தடவினாள்.
விரலில் ஒன்றும் அகப்படவில்லை.
மறுபடி பார்த்தாள், மறுபடி தடவினாள்.
இருக்கே, என்றாள்.

நானூற்றொன்று வந்து, கதவைத் திறந்து, காத்திருந்து, போனது.
கண்ணாடி அசையக் கூடாது என்று
நின்றுகொண்டிருந்தேன்.