பதினேழாம் பீப்பாய்

டாப்ஷம் துறையில் ஆறு வற்றிச் சேறு காட்டிய விடியல்.
நாற்பது பீப்பாய்கள் பனியில் உருண்டு நின்றன.
கப்பல்காரரின் விதவை டாமரிஸ் கோட்
வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னாள்:
"எல்லாம் ஒப்போர்ட்டோ சரக்கு. கடவுள் சாட்சி."

கடவுளை விசாரிக்கச் சுங்கச் சட்டத்தில் இடமில்லை.
என் வேலை கோலை இறக்குவது.
ஈரம் எந்த வரியில் நிற்கிறதோ
அந்த வரிக்கு வரி.

போர்ச்சுகல் என்றால் ஒரு தொகை.
பிரான்ஸ் என்றால் அதில் இரண்டு மடங்குக்கும் மேல்.
லண்டனில் யாரோ யாரோடோ கோபித்துக்கொண்டு
திராட்சைக்கும் பகை நட்பு எழுதிவிட்டார்கள்.
கொடிக்கு என்ன தெரியும்?
மழை பெய்தது, காய்த்தது, மிதித்தார்கள்.

"முகர்ந்து சொல்லும், லவரிங்" என்றார் மேலதிகாரி.

ஒன்பது வருஷம் முன்பு ஒரு காய்ச்சல்
உயிரை இறங்க விட்டுத்
தன் சுங்கமாக வாசனையை எடுத்துக்கொண்டு போனது.
யாரிடமும் சொல்லவில்லை.
மூக்கில்லாத சுங்கக்காரனுக்கு யார் சம்பளம் தருவார்கள்?

முகர்ந்தேன். தலையாட்டினேன்.
அடுத்தது. தலையாட்டினேன்.
பதினேழாவதில் கொஞ்சம் கண்ணை மூடி, ரசித்து, தலையாட்டினேன்.
உருட்டுகிற பையன் பாஸ்கோ ஏனோ இருமினான்.

அதே பீப்பாயின் மூடியில்தான்
என் கட்டைவிரல் ஒரு பள்ளத்தில் இடறியது.
உளியால் சுரண்டிய இடம். மரம் இன்னும் வெள்ளை.
சுரண்டியவனுக்கு அவசரம்போல;
போர்தோ என்ற பேரின் கடைசி வட்டம்
நகத்துக்கு அகப்பட்டது.

டாமரிஸ் கோட் என் விரலைப் பார்த்தாள்.
பிறகு, வெகு நேரம், என் மூக்கைப் பார்த்தாள்.

"கணக்கை நாளைக்கு முடிக்கிறேன்" என்றேன்.

இரவு வாசலில் ஒரு மண்குடுவை இருந்தது.
கடிதம் இல்லை. கழுத்தில் சுண்ணக்கட்டியால் பதினேழு.
லஞ்சம் என்று நினைத்தேன்.
நேர்மையானவன் என்று காட்ட ஆள் யாரும் இல்லாததால்
ஒரு வாய் குடித்தேன்.

புளிப்பு. நாக்கு மட்டும் இன்னும் என் பக்கம்.
காடி, சுத்தமான காடி.
துறை முழுக்க மூக்கைச் சுளித்த ஒன்றைத்தான்
நான் கண்மூடி ரசித்திருக்கிறேன்.

மீதியை ஊறுகாய்க்கு வைத்துக்கொண்டாள் மனைவி.

காலையில் பேரேட்டைத் திறந்தேன். மை உறைந்திருந்தது.
மூச்சால் ஊதி இளக்கி எழுதினேன்,
"ஒப்போர்ட்டோ, நாற்பது."
ஒரே வரி.
என் கையெழுத்து அவ்வளவு நேராக வந்ததே இல்லை.