விகுதி

நான்காம் வகுப்பில் என் பென்சிலைத் திருடியவன்
இப்போது டத்தோ தெய்வீகன்,
தொலைக்காட்சி நிலையத்தின் தலைமை நிர்வாகி.
பீடோங் பேருந்து நிலையத்துக்கு எதிரே
நகலெடுக்கும் கடை வைத்திருக்கும் நான்
மூன்று வருடமாக, சம்பளமில்லாமல்,
இணையத்தில் அவனுடைய வாழ்க்கைக் குறிப்பைப்
பார்த்துக்கொள்கிறேன்.

'பிறந்தான்' என்று விரல் தட்டும்.
அழித்துவிட்டு 'பிறந்தார்' என்று எழுதுவேன்.
ஒரு விகுதிதான்.
அதற்குள் எத்தனை பேர் குந்தியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.
ஐஸ் போட்ட மைலோ மாதிரிக் குரல்.
"அக்கா, அந்த நாற்பத்தொரு பேர் வரியை மட்டும்..."
வரியை மட்டும் என்ன என்று சொல்லவில்லை.
போகிறபோக்கில்
தமிழ்ப்பள்ளிக்கு டத்தோ கட்டிக்கொடுத்த மண்டபத்தைச் சொன்னாள்,
என் கடைப் பெயர்ப்பலகையையும்.
உண்மைதான். எண்ணூறு வெள்ளி, அவர் கொடுத்தது.
மழை பெய்தால் என் பெயர் அதிலிருந்து சொட்டும்.

செவ்வாய் மரியசூசை வந்தார்.
அங்கே ஒளிப்பதிவாளராக இருந்தவர்,
இப்போது செம்பனை லோரி ஓட்டுகிறார்.
கோப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டே
"தொரத்தினான்னு எழுது லீலா,
தீபாவளிக்கு ஒம்பது நாள் இருக்கறப்ப
தொரத்தினான்னு எழுது."
நாற்பத்தொருவரில் என் தங்கையும் ஒருத்தி.
ஒப்பனை அறையில் பதினொரு வருடம்.
இப்போது சுங்கைப் பட்டாணியில்
மணப்பெண்களுக்குப் புருவம் வரைகிறாள்.
ஆடியில் சும்மா இருக்கிறாள்.

கதவடைத்தபின் மூன்று வினைச்சொற்களை
மேசையில் வைத்துப் பார்த்தேன்.
துரத்தினார்.
நீக்கினார்.
நீக்கப்பட்டனர்.
மூன்றாவதில் ஆளே இல்லை,
தானாகக் கழன்ற பொத்தான்கள் போல
நாற்பத்தொரு பேர்.
முதலாவதில் என் தங்கை மூக்கைச் சிந்துகிறாள்.
நடுவில் இருந்ததை எழுதினேன்,
தேதியோடும் நாளேட்டின் பெயரோடும்.
சரியாகத்தான் இருந்தது.
ஆனால் எழுதிய கை என்னுடையது.

பிறகு, கூப்பிடாமலே, அவன் அப்பா வந்தார்.
நிறுவைக் கிராணி அடைக்கலம்.
தோட்டத்தில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது,
வாளியில் நுரையைக் கழித்தே நிறுப்பார்.
அவர் மனைவியும் பால்மரம் வெட்டினவள்.
அவள் வாளி வந்தால்
தராசை விட்டு எழுந்துவிடுவார்.
அடுத்த டிவிஷன் கிராணி வரும்வரை
வரிசை முழுக்க நிற்கும்.
வெயில் ஏறும், பால் உறையும்,
சனங்கள் ஏசும்,
அவளும் சேர்ந்து ஏசுவாள்.
இதை நான் பார்த்தேன்.
அச்சில் எங்கும் இல்லை,
ஆதாரமென்று நீட்ட என் இரண்டு கண்தான்.
மகனுடைய குறிப்பில் சேர்த்தால் புகழ்ச்சி ஆகும்,
இல்லையென்றால் குத்தல்.
சேர்க்கவில்லை.

புதன் காலை குறிப்பின் அடியில்
எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன்:
'இதை எழுதியவரின் தங்கை அந்த நாற்பத்தொருவரில் ஒருவர்.
இவர் கடைப் பலகைக்குப் பணம் தந்தவர் அந்த நிர்வாகி.
தராசை வேறு யாராவது பிடியுங்கள்.'
கடைசி வரி அதிகப்படி. அழித்தேன்.
'இனி இவர் இதில் கை வைக்க மாட்டார்.'

தங்கை இரண்டு நாளாகப் பேசவில்லை.
மரியசூசை கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.
கோலாலம்பூர்ப் பெண் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாள்,
எதற்கென்று விளங்கவில்லை.

இன்று எட்டிப் பார்த்தேன்.
யாரோ முகம் தெரியாத ஒருவர்
என் வினைச்சொல்லை எடுத்துவிட்டு எழுதியிருக்கிறார்:
'நாற்பத்தொரு பேரைப் பனிநீக்கம் செய்தார்.'
மூன்று சுழி வேண்டும், ஐயா.
பீடோங்கில் என்றைக்குப் பனி விழுந்தது?
விரல் அரித்தது.
இரண்டு கையையும் கவுண்டருக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வாசலில் ஒருவர் அடையாள அட்டையை நீட்டினார்.
முன்பக்கமும் பின்பக்கமும்
ஒரே தாளில் வேண்டுமாம்.
இருபது காசு என்றேன்.