நாலாவது திருகு

மூஸ் ஜாவிலிருந்து திரும்பும்போது
பின் இருக்கையில் ஐந்து அறுகோணங்கள்,
சீட் பெல்ட் போட்டு.
விற்றவர் டேல் பெட்ரிஷின்,
எண்பத்து நான்கில் கல்யாண மண்டபங்களில் போல்கா அடித்தவர்.
"தண்ணீர் பட்டதில்லை, பியர் பட்டிருக்கிறது" என்றார்.
நேர்மையான மனிதர்.

வாசலில் நிரூபன்
பனி அள்ளுகிற சவளை ஊன்றிக்கொண்டு
"இப்ப எத்தினை?" என்றான்.
இதோடு மூன்று என்றேன்.
நான்கு.
ஒன்று இன்னும் தபாலில் வருகிறது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.
இதற்கு ஒரு பக்கம்தான்.
கலவரத் தடுப்புக் கேடயம்போல் இறுகிய பிளாஸ்டிக்;
மறுபக்கத்து இடியை
அடிப்பவரின் மணிக்கட்டு வாங்கிக்கொள்ளும்.
டேல் காசை இடக்கையால் எண்ணியது
அப்போது எனக்கு விளங்கவில்லை.

ரெஜைனாவில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
காற்றில் ஒரு சொட்டு ஈரமில்லை.
கம்பளிச் சட்டையைக் கழற்றினால் பொறி பறக்கும்,
கதவுக் குமிழ் கடிக்கும்,
முத்தம்கூடச் சுள்ளென்று சுடும்.
அப்படி ஒரு பொறி போதும்
நாற்பது வயதுச் சிப் ஒன்றைச் சத்தமில்லாமல் கொல்ல.
ஆகவே
மூடியைத் திறக்குமுன் காப்புக் கட்டிக்கொள்கிறேன்,
மணிக்கட்டில் பட்டி,
சுருள் வயரின் மறுமுனை மண்ணுக்குப் போகும் கம்பியில்.
காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பார்கள்.
என் ஊர் ஒன்றரை மீட்டர்.
தேத்தண்ணீர் எல்லைக்கு அப்பால் ஆறிக்கொண்டிருக்கிறது.

உள்ளே
தூசி,
ஓர் எலியின் பழைய ஏற்பாடு,
வயிறு உப்பிய கபாசிட்டர்கள் பதினொன்று.
கசிந்தால் அவை நெத்தலி மணக்கும்.
பகலெல்லாம் மருந்துக்கடையில்
ஐந்து ஐந்தாக மாத்திரை எண்ணும் விரல்கள்
இரவில் ஈயத்தை உருக்கி ஒவ்வொன்றாய் இறக்குகின்றன.
யானை வாங்கியாயிற்று, இனி அங்குசத்துக்கு அலைச்சல்:
பதினாறு கால் சிப் ஒன்று, செய்வதை நிறுத்திவிட்டார்கள்.
ஒஹாயோவில் ஒருவரிடம் இருக்கிறது.
பவுன் விலை சொல்கிறார்.
கொடுத்தேன். நிரூபனிடம் சொல்லவில்லை.

பிறகு திருகுகள்.
ஒரு குரலுக்கு ஒன்று, அரிசி மணியளவு.
கையேடு சொல்கிறது: இந்தப் புள்ளியில் இரண்டரை வோல்ட்.
முதலாவது சரி. இரண்டாவது சரி.
மூன்றாவது கொஞ்சம் சண்டித்தனம், வழிக்கு வந்தது.
நாலாவதன்மேல்
செம்மஞ்சள் நகப்பூச்சு,
யாரும் தொடாதபடி ஒரு துளி இறுகி நிற்கிறது.
மீட்டரை வைத்தேன்.
ஒன்று தசம் ஒன்பது.

பிழை. அளந்து வைத்த பிழை.
திருகாணியை அதன் வெட்டில் பொருத்திவிட்டு
அப்படியே இருந்தேன்.
ஹீட்டர் ஒருமுறை போட்டு அணைந்தது.

டேலுக்கு எடுத்தேன்.
போனை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி நாலையும் அடித்தேன்:
டூம், டூம், டூம்,
லிஃப்ட் நிற்க வேண்டிய மாடியைத் தாண்டிப் போவதுபோல்
டூ... ம்.
அந்தப் பக்கம் மூச்சு.
"நாலாவது இன்னும் தாழ்ந்துதான் இருக்கிறது, என்ன?"
ஆமாம் என்றேன்.
"வால்ட்டரின் அக்கார்டியன் குளிரில் சுருதி இறங்கிவிடும்.
அதற்கு நான் இறங்கிக் கொடுத்தேன்."
வால்ட்டர்?
"அல்பர்ட்டா போனான். சண்டை. விடு."

திருகாணியைப் பெட்டியில் போட்டேன்.
எங்கே இருக்கிறதென்று தெரியாத ஓர் அக்கார்டியனுக்கு
இசைந்தபடி
என் நிலக்கீழறையில் ஒரு டாம்.

இரவு பதினொன்று. ஹெட்போனில் எனக்குப் பெரும் மண்டபம்,
மேலே நிரூபனுக்கு
வெறும் பிளாஸ்டிக்கில் டக் டக், டக்.
"கீழே கரட் வெட்டுறியா?" என்கிறான் படியில் நின்று.
ஓம் என்கிறேன்,
நாலாவதை இன்னொருதரம் அடித்து.