நேர்காணல் குழு

நேர்காணல் குழு என்பது நான்தான்.
வயது பதினொன்று.
மேலே அப்பா விட்டுப்போன டை, கீழே பைஜாமா.
சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம்
என் அக்கா பிரிட்டா,
முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

முட்டை வேகவைக்கும் டைமரைத் திருகிவிடுகிறேன்.
இரண்டு நிமிடம்.
"மிஸ் நியெமி, ஏன் மருத்துவம்?"

செப்டம்பரில் "ம்ம்" என்றுதான் தொடங்குவாள்.
அக்டோபரில் அந்த ம்ம் போயிற்று.
நவம்பரில், ஏரியின் ஓரம் உறையத் தொடங்கியபோது,
அறிவியல் ஆர்வமும் மனிதர்மேல் அக்கறையும்
சந்திக்கிற இடம் என்றாள்.
டைமர் அடிக்க மூன்று வினாடி மிச்சம்.
அந்த இடம் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.
டுலூத்தில் இல்லை.

எட்டு வருடப் படிப்பு.
கல்லூரிக்கும் மருத்துவத்துக்கும் சேர்த்து ஒரே கதவு.
உள்ளே பன்னிரண்டு நாற்காலி.
வெளியே எத்தனை பேர் என்று ஒருமுறை சொன்னாள்,
சொல்லிவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

பிரிட்ஜ் கதவில் அவளுடைய மணிக்கணக்கு:
முதியோர் இல்லம், நூற்று நாற்பது.
டாக்டர் லிண்ட்க்விஸ்ட் பின்னால் நடந்தது, முப்பத்தொன்று.
ரத்ததான முகாமில் பிஸ்கட் கொடுத்தது, பதினாறரை.
அந்த அரையைக் கிண்டல் செய்தேன்.
"அரை மணியும் நின்றுகொண்டுதானே கொடுத்தேன்" என்றாள்.

விடியற்காலை மூன்றுக்கு
பனி தள்ளும் வண்டியை எடுக்கப் போவாள் அம்மா.
அக்கா அறையில் விளக்கு எரியும்.
இப்போது போட்டதா, இன்னும் அணைக்காததா
என்று அம்மா கேட்பதில்லை.
ஒரு ஆரஞ்சை உரித்துக் கதவருகே வைத்துவிட்டுப் போவாள்.

எனக்கு ஏழு வயதில், குளியலறைத் தரையில்,
வலிப்பு.
நீல ஓடு மட்டும் நினைவிருக்கிறது.
மீதி அம்மா சொன்னது.
பதின்மூன்று வயது பிரிட்டா
என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து
தலைக்கடியில் துண்டைத் திணித்து
கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாக எண்ணினாளாம்.
ஆம்புலன்ஸ்காரர் கேட்டதற்கு
"நாலு நிமிடம் பத்து வினாடி" என்றாளாம்.
அழுதது அப்புறம்தானாம்.

அவள் கட்டுரையை ஒருநாள் திருட்டுத்தனமாகப் படித்தேன்.
அறுநூற்று ஐம்பது சொல்.
முதியோர் இல்லத்து ஜன்னல்,
குதிரை தொலைந்த சதுரங்கப் பலகை,
வேதியியல் ஆசிரியர் இரண்டு இடத்தில்.
நான் ஓரிடத்திலும் இல்லை.
கொஞ்சம் நிம்மதி.
கோபம் கொஞ்சம் அதிகம்.

அன்றிரவு, கார்டில் இல்லாத கேள்வி:
"மிஸ் நியெமி, என்னை ஏன் எழுதவில்லை?"

மேசையில் சிந்தியிருந்த உப்பை
விரலால் ஓரம் ஒதுக்கினாள்.
"பள்ளி ஆலோசகரும் அதைத்தான் எழுதச் சொன்னார்.
அதை எழுதினால் யாரும் மறக்க மாட்டார்களாம்."
"அப்புறம்?"
"தரையில் கிடந்தது நீ.
அதை என்னுடையது என்று நான் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது?"
டைமர் ஓடிக்கொண்டிருந்தது.
"மூன்று முறை எழுதிப் பார்த்தேன் ஆர்னி.
மூன்றிலும் ரொம்ப நல்லவளாக வந்துவிட்டேன்.
வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் எண்ணினேன்."

டைமர் அடித்தது.
இரண்டு பேரும் துள்ளிவிட்டோம்.

பிப்ரவரியில் கூப்பிட்டார்கள்.
இன்னொருத்தரிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு அம்மா கார் ஓட்ட,
பின்சீட்டில் நான், கார்டுக் கட்டோடு.
கவுண்டி எல்லையைத் தாண்டியதும்
இங்கே யார் தள்ளினார்களோ, பாதிப் பனி அப்படியே கிடக்கிறது
என்று அம்மா முணுமுணுத்தாள்.

வண்டி நிறுத்துமிடத்தில்
கோட்டைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.
"கடைசியாக ஒன்று கேள்" என்றாள்.
டைமரை வீட்டிலேயே மறந்திருந்தேன்.
முதல் கார்டையே எடுத்தேன்.

"ம்ம்" என்று தொடங்கினாள்.
நான் திருத்தவில்லை.