நடுக்கத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு

அரண்மனை வாசலில் இறங்கி
நாலு கடை தள்ளி மாடிப்படி.
சாதிக் பாய் கண்ணாடிப் பெட்டி திறந்து
சிவப்புத் துண்டின் மேல்
இரண்டு லென்ஸ் வைத்தார்.

இரண்டும் எழுபது முதல் முந்நூறு வரை.
இரண்டும் யாரோ விற்றுவிட்டுப் போனவை.
ஒன்று ஒன்பதாயிரம்.
இன்னொன்று பதினாலாயிரத்து ஐந்நூறு.
ஏன் என்றேன்.
"இதுல ஸ்டெபிலைசர் இருக்கு சிஸ்டர்,
கை ஆடுனாலும் படம் ஆடாது."

சுருக்கென்றது.
பதினோரு வருடமாய்
திருப்புல்லாணி சுகாதார நிலையத்தில்
ஆறு வாரத் தொடைகளில் ஊசி ஏற்றும் கை.
என் கை ஆடாது பாய்.

அவர் வாதாடவில்லை.
மலிவானதைக் கேமராவில் திருகி
ஜன்னலைக் காட்டினார்.
எதிர் வரிசையில் நாகநாதன் ஹார்டுவேர்ஸ்.
முந்நூறுக்கு இழுத்ததும்
அந்தப் பலகை
கயிறு அவிழ்ந்த வள்ளம்.
மூச்சை அடக்கினேன்.
என் நாடித்துடிப்பு
எதிர்க்கடைப் பெயரில் தெரிந்தது.
எண்ணியிருக்கலாம். எண்பத்தெட்டு இருக்கும்.

அடுத்ததை மாட்டினார்.
பொத்தானைப் பாதி அமுக்க
உள்ளே கொசு அளவு ஒரு ரீங்காரம்.
பலகை நின்றது.
உரிந்த 'ஹா'வுக்குக் கீழே
ஒரு பல்லி.

இருந்தது பன்னிரண்டாயிரம், சீட்டுப் பணம்.
அதிலும் அடுப்படி ஷீட் மாற்றவேண்டும் என்று
வீட்டில் பேச்சு.

எனக்குப் பூநாரைக் கூட்டமோ
சூரிய உதயமோ வேண்டாம்.
போன கார்த்திகையில்
தனுஷ்கோடி போகிற வழி உப்பங்கழியில்
ஒரு கடற்காகத்தின் காலில் பச்சை வளையம் பார்த்தேன்.
வளையத்தில் எழுத்து.
எந்த ஊரிலோ யாரோ
அதற்கொரு அட்டை போட்டிருக்கிறார்கள்.
முதல் தேதிக்கு அடுத்த கட்டம்
காலியாகக் கிடக்கிறது.
என் பதிவேட்டில் அப்படி ஒரு கட்டம் கிடந்தால்
வெயிலில் மூன்று தெரு நடப்பேன்.

ஞாயிறு ஒரு நாளைக்கு
விலை கூடியதைக் கையில் கொடுத்தார்,
என் ஆதார் அட்டையை டிராயரில் போட்டுக்கொண்டு.

முதல் பஸ். வாடைக்காற்று.
முழங்கை இரண்டையும் விலாவில் ஒட்டிக்கொண்டு
ஈர மணலில் உட்கார்ந்தேன்.
கூட்டத்தின் ஓரத்தில் பச்சை.
ரீங்காரம்.
கழி நின்றது, கரை நின்றது, நான் நின்றேன்.
கடற்காகம் நடந்தது.
படத்தில் ஒவ்வோர் இறகுக்குப் பின்னாலும்
மணல் மணியாகத் தெளிவு.
கால் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும்
பச்சைத் தீற்றல்.

அந்த ஐயாயிரத்து ஐந்நூறு
என்னை நிறுத்தத்தான். அதை நிறுத்த அல்ல.
நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கேட்டால்
சின்ன வாய் லென்ஸ்,
விடியலின் கஞ்சித்தண்ணி போதவில்லை அதற்கு.
வெயில் ஏறும்வரை காத்திருந்தேன்.
இரண்டு சுற்றுலா வேன் கடந்து போனது.
ஒரு நாய் கூட்டத்தைக் கிளப்பிவிட்டு
என்னிடமே வந்து படுத்தது.
ஒன்பதேகாலுக்கு அது திரும்பி இறங்கி
ஒற்றைக்காலில் நின்றது.
வளையம் உள்ள கால்தான்.

புதன்கிழமை தடுப்பூசி.
களிமண்குண்டிலிருந்து வந்த பெண்
பிள்ளையை மடியில் போட்டாள்.
"முட்டிக்கு மேல பிடிம்மா, அசையாம"
என்று வழக்கம்போல் சொன்னவள்
பாதியில் நிறுத்தி
அவள் விரல்களைப் பார்த்தேன்.
எலும்பு வெளுக்க இறுக்கியிருந்தாள்.
பதினோரு வருடம்
என் கை என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தேன்.
"என்னாச்சு சிஸ்டர்?"
ஒன்றுமில்லை. பிடி.

சாயங்காலம் பன்னிரண்டாயிரத்தை எண்ணி வைத்தேன்.
மீதியை இரண்டு மாதத்தில் என்றேன்.
பாய் ஒரு பழைய பில்லின் பின்புறம்
கணக்கு எழுதித் தந்தார்.
அதன் கீழேயே பென்சிலால்
நானும் குறித்துக்கொண்டேன்:
கே. ஏழு.
மூன்றாவது எழுத்து, சேறு.