தலைமையகம், முதல் மாடி

பாகலூர் சாலை டயர்க் கடைக்கு மேலே
பதினாறுக்குப் பன்னிரண்டு அடி அறை.
பெயர்ப்பலகைக்கு நான்கு திருகாணி.
நான்காவது சரியாக இறங்கவில்லை;
லாரி போகும்போதெல்லாம்
தலைமையகம் கொஞ்சம் ஆடும்.

பத்துக்குத் திறப்பேன். ஐந்துக்குப் பூட்டுவேன்.
நடுவில் பதிவுத் தபால் வந்தால் கையெழுத்து.
முனிரத்னா, வரவேற்பு
என்று கழுத்துப் பட்டையில் போட்டிருந்தது.
வரவேற்க ஒருவரும் வந்ததில்லை
தண்ணீர் கேன்காரரைத் தவிர.

கம்பெனிக்கு உடம்பு பெங்களூரில்.
கை, கால், வயிறு எல்லாம் அங்கே ஏழு மாடியில்.
முதலாளி சம்சாரம் நாயை நடத்திப் போவதும்
அங்கே ஏதோ ஒரு பூங்காவில்தான்.
தலை மட்டும் ஓசூரில்.
ஒருநாளும் அதற்குத் தலைவலி வந்ததில்லை.

அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜுவாடிக்கு
ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.
அந்த இருபது ரூபாய் தூரம் நகர்ந்து வந்ததற்கு
என்னென்ன தந்தார்கள் என்று எனக்குத் தெரியும்,
நகலெடுக்கப் போனவள் நான்தான்:
முத்திரைத் தீர்வை வேண்டாம்,
மின்சார வரி ஐந்து வருஷம் வேண்டாம்,
மாநிலத்துக்குக் கட்டும் வரி
மாநிலத்திடமிருந்தே திரும்பி வரும்,
வேலைக்கு அமர்த்தும் ஒவ்வொரு ஆளுக்கும்
தனியே ஒரு தொகை.

ஆட்கள்: நூற்றிருபது என்று இருந்தது.
அன்றைக்குத் திரும்பி வந்து
அறையில் எண்ணிப் பார்த்தேன்.
நான்.
மின்விசிறியைச் சேர்த்தால் இரண்டு.

ஆய்வு நாளில் மூன்று பஸ் வந்தது.
படிக்கட்டு நிறைய, மாடி நிறைய,
சாலை ஓரம்வரை ஆட்கள்.
கீழே திம்மராஜ் பஞ்சர் ஒட்டுவதை விட்டுவிட்டு
"மேலே யாருக்கு என்னாச்சு?" என்று ஓடிவந்தார்.

அமலோற்பவம் அம்மா, எலத்தகிரிக்காரர்,
ஒவ்வொரு தலையாக எண்ணினார்.
எண்பத்து மூன்றாவது பையனிடம்
"மதியம் எங்கே தம்பி சாப்பாடு?" என்றார்.
அவன் வடக்கே கை காட்டினான்.
அந்த விரலைச் சற்று நேரம் பார்த்தார்.
பென்சிலில் ஏதோ எழுதினார்.
சென்னையிலிருந்து அது
பேனாவில் வேறு மாதிரி திரும்பி வந்தது.

அதே மாதம் மத்திகிரியில் எங்கள் தெருவுக்கு
மாநகராட்சி ஆட்டோ ஒலிபெருக்கியோடு வந்தது.
சொத்து வரி பாக்கிதாரர் பட்டியலில்
என் பெயர் மட்டும் சுத்தமாகக் கேட்டது.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு,
அபராதம் தனி.
நூல் கட்டிய பேனாவால் ரசீது எழுதியவரிடம்
"சார், என் தலையை மட்டும்
கொஞ்ச நாள் வேறு ஊரில் வைத்துக்கொள்ளட்டுமா?" என்றேன்.
அவர் நிமிரவே இல்லை.
"உங்களுக்கெல்லாம் உடம்போடதாம்மா வரி."

ஆறாவது வருஷம் பிறந்து ஒன்பதாம் நாள்
ஸ்க்ரூ டிரைவரோடு ஒருவன் வந்தான்.
ஆந்திராவில் பத்து வருஷமாம்,
குப்பத்தில் அறை பார்த்தாகிவிட்டதாம்.
மூன்று திருகாணியோடு மல்லுக்கட்டினான்.
நான்காவது அதுவாகவே கையில் விழுந்தது.
டாடா ஏஸில் ரோஜாப் பெட்டிகளுக்கு நடுவே
பலகையைக் கவிழ்த்துப் போட்டு
தார்ப்பாய் மூடினான்.
"நான்?" என்று கேட்டேன்.
கழுத்துப் பட்டையை வாங்கிக்கொண்டான்.

சுவரில் நான்கு ஓட்டை.
அடைக்கும் செலவை
என் கடைசிச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

தபால் இன்னும் இங்கேதான் வருகிறது.
நேற்று வந்தது அரசின் பாராட்டுச் சான்றிதழ்:
இம்மண்ணில் வேரூன்றி ஐந்தாண்டு கண்டமைக்காக.
திம்மராஜ் வாங்கி வைத்து, எனக்குப் போன் போட்டார்.

புது முகவரி எழுதி அனுப்பினேன்.
அங்கேயும் முதல் மாடிதான்,
கீழே பால் பூத்.
உறையின் பின்பக்கம், தெலுங்கில்,
பத்துக்குத் திறந்து ஐந்துக்குப் பூட்டுகிறவளுக்கு
ஒரு வரி சேர்த்தேன்:

அக்கா, நான்காவது திருகாணி
நிற்காது. நீங்களாக எதுவும் வாங்கிப் போடாதீர்கள்,
காசு தர மாட்டார்கள்.